"ஆம்பர் லைட் சிமிட்டுது சார்" என்று போன் வந்தால் அடுத்து என்ன கேட்பது?

ரேக்42 (கேள்வி)

எங்கள் சர்வர்கள் வேறு ஊரில், வாடகை ரேக்குகளில் இருக்கின்றன. இரவில் அங்கே இருப்பவர் ஏசி, யூபிஎஸ், ஜெனரேட்டர் பார்க்கிறவர். கெட்டிக்காரர்தான், ஆனால் சர்வரைத் திறந்து பழக்கமில்லை. போனில் அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரி: "முன்னாடி ஆரஞ்சு லைட் சிமிட்டுது சார்."

இருப்பவை டெல் பவர்எட்ஜ் ஆர்740 பன்னிரண்டு, எச்பிஈ புரோலயன்ட் டிஎல்380 ஜென்10 ஐந்து, சூப்பர்மைக்ரோ இரண்டு. தொலைவிலிருந்தே சர்வரைப் பார்க்க ஐடிராக் (டெல்), ஐலோ (எச்பிஈ) எல்லாம் உண்டு. ஆனால் அவை போய்ச் சேரும் மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் ஒன்றே ஒன்று. அது படுத்துவிட்டால் அவருடைய கண்தான் எங்களுக்குக் கண்.

அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில்? எதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்கலாம், எதைப் பார்த்தால் உடனே வண்டி எடுக்க வேண்டும்? தொடவே கூடாதவை எவை? எல்லாவற்றையும் ஒரு ஏ4 தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டப் போகிறேன். அதனால் பொதுவாகச் சொல்லாமல் நிறம், எண்ணிக்கை, நொடிக் கணக்கு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


இரவுப்பணி

முதல் கேள்வியாக நிறத்தைக் கேட்காதீர்கள். எந்தப் பெட்டி, அதில் எந்த இடம், நின்று எரிகிறதா விட்டு விட்டு எரிகிறதா என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, நிறத்தைக் கடைசியில் கேளுங்கள்.

காரணம், ஆம்பர் என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. எச்பிஈயின் பவர் பட்டனில் ஆம்பர் நின்று எரிந்தால், கரண்ட் வருகிறது, சர்வர் ஆஃப் ஆகி ஸ்டாண்ட்பையில் இருக்கிறது, அவ்வளவுதான். டெல்லின் ஹெல்த் விளக்கில் ஆம்பர் சிமிட்டினால் உள்ளே ஏதோ பழுது. அதே டெல்லின் பின்பக்க நெட்வொர்க் போர்ட்டில் ஆம்பர் எரிந்தால் பழுதே அல்ல. அந்த போர்ட் தன் உச்ச வேகத்துக்குக் குறைவான வேகத்தில் இணைந்திருக்கிறது. (ஜிகாபிட் போர்ட் 100 மெகாபிட்டில் நிற்கிறதென்றால் கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள்.) இன்னொன்று, பச்சையும் ஆம்பரும் பிரிந்து தெரியாத கண்கள் சிலருக்கு உண்டு. போனில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். 20 நொடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சிமிட்டும் தாளமும் அதில் பதிந்துவிடும். ஒற்றைப் படத்தில் தாளம் தெரியாது. விளக்கு அணைந்த நொடியில் எடுத்தால் விளக்கே தெரியாது.

இனி ஆர்740. பெட்டியின் முன்னால் இடப்பக்கக் காதில் (ரேக்கில் மாட்டும் விளிம்பு) ஒரு விளக்கு பட்டனாகவும் இருக்கும். அதுதான் ஹெல்த் விளக்கும் ஐடி பட்டனும். நீலம் நின்று எரிந்தால் நலம். நீலம் சிமிட்டினால் யாரோ பெட்டியை அடையாளம் காட்ட ஐடி பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், அல்லது ஐடிராக்கிலிருந்து இயக்கியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆம்பர் சிமிட்டினால் பழுது. ஆம்பர் நின்று எரிந்தால் பெட்டி ஃபெயில்-சேஃப் நிலைக்குப் போயிருக்கிறது. அதற்கு அங்கிருப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சர்வீஸ் டேக்கின் 7 எழுத்துகளைக் குறித்துக்கொண்டு டெல் சப்போர்ட்டைக் கூப்பிடுங்கள்.

சிமிட்டும் ஆம்பருக்கு அடுத்த கேள்வி: "அதே இடப்பக்கக் காதில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கிறதே, அதில் எது எரிகிறது?" மொத்தம் ஐந்து: டிரைவ், வெப்பம், மின்சாரம், மெமரி, பிசிஐஈ (கூடுதலாகச் சொருகும் கார்டுகள்). பழுது இல்லாதவரை அவை அணைந்தே இருக்கும். எரிவது எதுவோ அந்தப் பக்கம்தான் நீங்கள் தேட வேண்டும்.

தெர்மாமீட்டர் படம் எரிந்தால் அந்த அறையிலேயே நிறையப் பார்த்துவிடலாம். ஏசி ஓடுகிறதா, பெட்டியின் முன்னால் அட்டையோ துணியோ மறைக்கிறதா, பின்னால் கேபிள் மூட்டை காற்றை அடைக்கிறதா? ஆர்740 தொடர்ந்து ஓட உள்ளே போகும் காற்று 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உள்ளே ஆறு ஃபேன். ஒன்று நின்றாலும் இந்தப் படம் எரியும். மேல்மூடி, உள்ளே இருக்கும் காற்றுத் தடுப்பு, காலி மெமரி ஸ்லாட்டில் வைக்கும் பிளாங்க் எதையாவது எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காமல் போயிருந்தாலும் எரியும். முந்தின நாள் யாராவது பெட்டியைத் திறந்தார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

மின்னல் படம் என்றால் பவர் சப்ளை, அல்லது போர்டில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர். அவரைப் பின்பக்கம் போய் பிஎஸ்யூ (பவர் சப்ளை) விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரிப் படமும் பிசிஐஈ படமும் எரிந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள்தான் லாக் பார்க்க வேண்டும். எந்த ஸ்லாட், எந்த டிம் (மெமரிப் பலகை) என்பதை விளக்கு சொல்லாது.

மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் படுத்தாலும் வழி இருக்கிறது. ஆர்740-இன் வலப்பக்கக் காதில் ஒரு மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை உண்டு, ஐடிராக் டைரக்ட் என்று பெயர். அங்கே ஒரு லேப்டாப்பும் மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிளும் வைத்திருங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு இணைத்தால் பக்கத்திலுள்ள விளக்கு பச்சை 2 நொடி நின்று எரியும். பிறகு உலாவியில் 169.254.0.3 என்று அடித்தால் ஐடிராக் பக்கமே வரும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது வேலை செய்யாது. கேபிளை இன்றே சோதித்து, லேப்டாப்போடு கட்டி வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐடி பட்டனை அழுத்தச் சொல்லும்போது "தட்டிவிட்டு எடுங்கள்" என்று சொல்லுங்கள். 15 நொடிக்கு மேல் பிடித்தால் ஐடிராக் ரீசெட் ஆகும். ஓடுகிற ஓஎஸ்ஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் உள்ளே லாக் பார்த்துக்கொண்டிருந்தால் இணைப்பு போய்விடும்.


கம்பிக்கூடு

இரவுப்பணி டெல்லை முடித்துவிட்டார், நான் எச்பிஈக்கு வருகிறேன். இங்கே எண்ணிக்கைதான் எல்லாம்.

டிஎல்380 ஜென்10-இல் முன்னால் வலப்பக்கம் நான்கு விளக்குகள்: பவர், ஹெல்த், நெட்வொர்க், யூஐடி. ஹெல்த் பச்சை நின்று எரிந்தால் நலம். பச்சை சிமிட்டினால் ஐலோ மறுதொடக்கம் ஆகிறது, சில நிமிடம் பொறுங்கள். ஆம்பர் சிமிட்டினால் ஏதோ குறைந்திருக்கிறது, ஆனால் ஓடுகிறது. சிவப்பு சிமிட்டினால் நிலைமை மோசம். ஆம்பரா சிவப்பா என்பதில்தான் உங்கள் தூக்கம் இருக்கிறது. அதைப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், போன் கேமரா இரண்டையும் ஒரே நிறமாகக் காட்டிவிடும். பக்கத்து சர்வரில் ஸ்டாண்ட்பை ஆம்பர் எரிந்தால் அதோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நான்கு விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து சிமிட்டினால் கதை வேறு. அது பவர் ஃபால்ட். ஏதோ ஒரு பகுதிக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு கண்டு பெட்டி தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை சிமிட்டி நிறுத்துகிறது என்று எண்ண வேண்டும். 1 என்றால் சிஸ்டம் போர்டு. 2 பிராசசர். 3 மெமரி. 4 ரைசர் போர்டிலுள்ள (கார்டுகளைச் சொருகும் துணைப் பலகை) பிசிஐஈ ஸ்லாட்டுகள். 5 ஃப்ளெக்சிபிள்லாம் நெட்வொர்க் கார்டு. 6 கழற்றக்கூடிய ஸ்மார்ட் அரே கன்ட்ரோலர். 7 சிஸ்டம் போர்டிலேயே உள்ள பிசிஐஈ ஸ்லாட்டுகள். 8 பவர் பேக்பிளேன் அல்லது ஸ்டோரேஜ் பேக்பிளேன் (பிஎஸ்யூவோ டிரைவோ போய்ச் சொருகும் பின்பலகை). 9 பவர் சப்ளை. தாளில் இதை அப்படியே எழுதுங்கள். எண்ணிக்கை திரும்பத் திரும்ப வரும், அதனால் மூன்று சுற்று எண்ணி மூன்றும் ஒன்றாக வந்தால்தான் நம்புங்கள். இடையில் பார்க்கத் தொடங்கினால் 7-ஐ 4 என்று எண்ணிவிடுவோம்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. 3 சிமிட்டல் என்பது மெமரிக்குப் போகும் மின்சாரத்தின் கோளாறு. வழக்கமாக வரும் ஈசிசி பிழைக்கு (மெமரியில் பதிந்ததைச் சரிபார்க்கும்போது தெரியும் பிழை) இந்தக் கணக்கு பொருந்தாது. ஈசிசி பிழை கூடினால் ஹெல்த் விளக்கு மட்டும் ஆம்பரில் சிமிட்டும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், எந்த டிம் என்று ஐலோவின் ஐஎம்எல் லாக் சொல்லும். நான்கும் சேர்ந்து சிமிட்டும்போது சர்வர் ஓடாது.

4 வந்தால் என்ன செய்வது? இரண்டு பவர் கார்டையும் உருவி, 30 நொடி விட்டு, ரைசரை அதிலுள்ள கார்டுகளோடு வெளியே எடுத்து, ரைசர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். ஆன் ஆனால் ரைசரை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு கார்டுகளை ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் பவர் கார்டு உருவிய பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். பவர் பட்டனை அணைத்தாலும் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரைசரைச் சொருகினால் நல்ல கார்டும் போகும். மற்ற எண்களுக்கும் வழிமுறை இதுவே: சந்தேகப்படும் பகுதியை எடுத்துவிட்டுப் பார், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடு. 1 வந்தால் மட்டும் எடுக்க எதுவுமில்லை, போர்டு மாற்ற ஆள் வர வேண்டும்.

யூஐடி நீலம் நின்று எரிந்தால் அடையாள விளக்கு. நொடிக்கு ஒரு முறை சிமிட்டினால் யாரோ தொலைவிலிருந்து ஐலோ கன்சோலில் இருக்கிறார்கள், அல்லது ஃபர்ம்வேர் ஏறுகிறது. அந்த நேரத்தில் பவர் கார்டைத் தொடவே கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். யூஐடி விளக்கு பட்டனும்கூட, அதை 5 முதல் 9 நொடி பிடித்தால் ஐலோ முறைப்படி ரீபூட் ஆகும், 10 நொடி தாண்டினால் வன்பொருள் ரீபூட்.

டெல்லில் ஐடி பட்டன் இடப்பக்கம், பவர் பட்டன் வலப்பக்கம், குழப்பம் வராது. எச்பிஈயில் யூஐடியும் பவரும் ஒரே பக்கம் அருகருகே. இருட்டில் கை தவறினால் ஓடுகிற சர்வர் ஷட்டவுன் ஆகும். பவர் பட்டன் மேல் சிவப்பு டேப்பால் ஒரு அம்புக்குறி ஒட்டிவிடுங்கள். விளக்கு மறையாமல் ஒட்டுங்கள்.

உங்கள் ஐந்தில் எதிலாவது சிஸ்டம்ஸ் இன்சைட் டிஸ்ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது தனியாக வாங்கிப் பொருத்துவது. அழுத்தினால் வெளியே வரும் சின்னப் பலகை. எந்த டிம், எந்த ஃபேன், எந்த பிராசசர் என்று இடம் காட்டியே ஆம்பர் எரியும். அது இருந்தால் பாதிக் கேள்வி மிச்சம்.


பிட்பைட்

பலகை விளக்கைத் தவறாகப் படித்தால் நேரம்தான் போகும். டிரைவ் விளக்கைத் தவறாகப் படித்தால் டேட்டா போகும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டெல் டிரைவ் கேரியரில் இரண்டு விளக்கு. படபடவென்று பச்சை அடிப்பது ஆக்டிவிட்டி, அதை விட்டுவிடுங்கள். மற்றது ஸ்டேட்டஸ். பச்சை நின்று எரிந்தால் ஆன்லைன். மெதுவாகப் பச்சை சிமிட்டினால் ரீபில்ட் (டேட்டாவை டிரைவில் மறுபடி கட்டுவது) நடக்கிறது. நொடிக்கு 2 முறை பச்சை என்றால் யாரோ அந்த டிரைவை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அது கழற்றத் தயாராகிறது. பச்சை, ஆம்பர், அணைவு என்று மாறி மாறி வந்தால் டிரைவ் சீக்கிரம் போகப் போகிறது என்ற முன்னறிவிப்பு. நொடிக்கு 4 முறை ஆம்பர் அடித்தால் டிரைவ் போய்விட்டது. பச்சை 3 நொடி, ஆம்பர் 3 நொடி, பிறகு அணைவு என்றால் ரீபில்ட் பாதியில் நின்றிருக்கிறது. முன்னறிவிப்பையும் நின்ற ரீபில்டையும் வாய்வார்த்தையில் பிரிக்கவே முடியாது, "பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி" என்றுதான் இரண்டுக்கும் சொல்வார். வீடியோ கட்டாயம்.

சர்வர் இப்போதுதான் ஆன் ஆகியிருந்தால் எல்லா டிரைவும் தயாராகும்வரை ஸ்டேட்டஸ் விளக்கு அணைந்தே இருக்கும். அணைந்திருக்கிறதே என்று அப்போது உருவிவிடக் கூடாது.

எச்பிஈ கேரியரில் வட்டமாகச் சுற்றும் பச்சை ஆக்டிவிட்டி. ஸ்டேட்டஸ் ஆம்பர் நின்று எரிந்தால் போய்விட்டது. ஆம்பரும் பச்சையும் மாறி மாறி என்றால் ரெய்டில் (பல டிரைவைச் சேர்த்த தொகுப்பு) இருக்கிறது, ஆனால் போகப் போகிறது. பச்சை சிமிட்டினால் ரீபில்டோ விரிவாக்கமோ நடக்கிறது. இவை தவிர வெள்ளை விளக்கு ஒன்று உண்டு. வெள்ளை எரிகிற டிரைவை உருவினால் லாஜிக்கல் டிரைவ் (ரெய்டு டிரைவுகள் சேர்ந்து ஓஎஸ்ஸுக்கு ஒன்றாகத் தெரிவது) போய்விடும். ரெய்டு 5-இல் ஒரு டிரைவ் போன உடனே மிச்சமிருக்கும் அத்தனை டிரைவிலும் வெள்ளை எரிவதைப் பார்க்கலாம்.

டெல்லில் அப்படிக் காவல் விளக்கு கிடையாது, எண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. டெல்லில் டிரைவ் ஸ்லாட்டுகள் 0-இலிருந்து தொடங்கும். ஸ்லாட் 3 போய்விட்டது என்று லாக் சொன்னால் அது நான்காவது டிரைவ். எச்பிஈயில் பே 1-இலிருந்து தொடங்கும், அங்கே பே 3 மூன்றாவதுதான். இரண்டும் ஒரே ரேக்கில் இருக்கும்போது "மூன்றாவதை எடுங்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஐடிராக்கில் அந்த டிரைவுக்கு பிளிங்க் கொடுத்து, சிமிட்டுவதை அவர் தொட்டுக் காட்டி, கேரியர் மேல் நீங்கள் முன்பே ஒட்டி வைத்த சீரியல் எண்ணின் கடைசி நான்கை அவர் படித்து, அது லாக்கோடு ஒத்துப்போன பிறகு எடுங்கள். ஓஎஸ்ஸில் தெரியும் எஸ்டிஏ, எஸ்டிபி வரிசைக்கும் ஸ்லாட் வரிசைக்கும் தொடர்பே இல்லை.

கழற்றும்போது கொக்கியை விடுவித்து ஒரு அங்குலம் மட்டும் இழுத்து, 30 நொடி பொறுத்து, சுழல்வது நின்ற பிறகு முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். சுழலும் தட்டோடு கையில் எடுத்துச் சாய்த்தால் அந்த டிரைவிலிருந்து பிறகு எதையும் மீட்க முடியாது. ரீபில்டில் இன்னொன்று போனால் அதுதான் உங்கள் கடைசி நம்பிக்கையாக இருக்கும்.

புதியது அதே வகையாக இருக்க வேண்டும்: சாஸுக்கு சாஸ், சாட்டாவுக்கு சாட்டா, எஸ்எஸ்டிக்கு எஸ்எஸ்டி, கொள்ளளவு அதே அளவு அல்லது கூட, செக்டர் அளவும் அதுவே. வேறு சர்வரிலிருந்து எடுத்த டிரைவைப் போட்டால் பெர்க் (டெல்லின் ரெய்டு கார்டு) அதை ஃபாரின் என்று காட்டி ரீபில்டைத் தொடங்காமல் நிற்கும். அதன் பழைய கான்ஃபிகரேஷனை அழிக்க வேண்டும். இம்போர்ட் என்பதை அழுத்திவிடாதீர்கள்.

மாற்றும் முன் மற்ற டிரைவுகளின் மீடியா எரர் எண்ணிக்கையைப் பாருங்கள். ரெய்டு 5-இல் இன்னொரு டிரைவிலும் அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால் ரீபில்ட் அந்த இடத்துக்கு வரும்போது இடறும். பேக்கப் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

உங்கள் சூப்பர்மைக்ரோவில் லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் டிரைவ் போனாலும் சிவப்பு தானாக எரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரெய்டு கார்டு செய்யும் அந்த வேலையை அங்கே செய்ய ஆளில்லை. லெட்மான் சேவையை நிறுவி ஓடவிட வேண்டும். அதோடு வரும் லெட்சிடிஎல் கட்டளையால் குறிப்பிட்ட டிரைவைச் சிமிட்ட வைக்கவும் முடியும். பேக்பிளேன் அதற்கு ஒத்துழைக்கிறதா என்பதைப் பழுது வராத நாளில் சோதித்துக்கொள்ளுங்கள்.


ரேக்42

மிக்க நன்றி. ஸ்லாட் 0 விஷயம் எங்கள் தாளில் தவறாகவே இருந்தது, திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பின்னால் பிஎஸ்யூ விளக்கு அணைந்திருப்பதற்கும் ஆம்பர் சிமிட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? பழுதைச் சரிசெய்த பிறகும் முன்னால் ஆம்பர் போகாமல் நின்றால் என்ன அர்த்தம்?


சூடுதணி

டெல் பிஎஸ்யூவில் விளக்கே இல்லையென்றால் மின்சாரம் உள்ளே வரவில்லை. பிஎஸ்யூவைக் குற்றம் சொல்லும் முன் பவர் கார்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, பிடியூவின் (ரேக்குக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பட்டை) அந்த சாக்கெட் உயிரோடு இருக்கிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் ஒரே பக்க பிஎஸ்யூ விளக்குகள் ஒன்றாக அணைந்திருந்தால் கோளாறு பிடியூவிலோ அதற்கு முன்னாலோதான். உங்கள் ஆளுக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை. லாக்கில் இது பிஎஸ்யூ0003 என்று, இன்புட் போய்விட்டதாக வரும்.

ஆம்பர் சிமிட்டினால் மின்சாரம் வருகிறது, பிஎஸ்யூதான் பழுது. உருவித் திரும்பச் சொருகிப் பார்க்கலாம், ஆனால் மற்ற பிஎஸ்யூ பச்சையாக எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். பச்சை சிமிட்டினால் ஃபர்ம்வேர் ஏறுகிறது. அப்போது பவர் கார்டையோ பிஎஸ்யூவையோ உருவினால் அந்த பிஎஸ்யூ திரும்ப எழாமலே போகலாம்.

புது பிஎஸ்யூ சொருகியதும் பச்சை வேகமாக 5 முறை சிமிட்டி அணைந்தால் அது பழுது அல்ல, ஜோடி சேரவில்லை. 750 வாட்டோடு 1100 வாட்டைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். அப்போது சிமிட்டிய பிஎஸ்யூவைத்தான் மாற்ற வேண்டும். ஜோடி சேர்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் மற்றதை உருவினால் சர்வர் அப்படியே அணையும். இரண்டையும் வேறு வாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் சர்வரை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

சூப்பர்மைக்ரோவில் முன்னால் இன்ஃபோ என்று ஒரே விளக்கு எல்லாவற்றையும் சொல்லும். சிவப்பு நின்று எரிந்தால் சூடு. நொடிக்கு ஒரு முறை சிவப்பு சிமிட்டினால் ஃபேன் போய்விட்டது. 4 நொடிக்கு ஒரு முறை சிவப்பு என்றால் பவர் சப்ளை. நீலம் நின்று எரிந்தால் பெட்டியிலேயே அடையாள பட்டன் அழுத்தியிருக்கிறார்கள், நீலம் சிமிட்டினால் தொலைவிலிருந்து. ஆக அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: சிவப்பு வந்து மறுபடி வர எத்தனை நொடி? கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும்.

அவசரம் எது என்று கேட்டிருந்தீர்கள். சூடுதான் முதலில். ஒரு பிஎஸ்யூவோ ரெய்டில் ஒரு டிரைவோ போனால் இன்னொன்று தாங்கும், காலை வரை பொறுக்கலாம், அதற்குள் ஸ்பேர் தேடலாம். சூடு பொறுக்காது, ஏசி நின்றால் ரேக் முழுவதும் ஒன்றாக ஏறும். ஒரே நேரத்தில் மூன்று பெட்டியில் தெர்மாமீட்டர் எரிந்தால் சர்வரை விட்டுவிட்டு ஏசியைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் தேவையற்ற மெஷின்களை ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்யத் தொடங்குங்கள்.


இரவுப்பணி

ஆம்பர் போகாமல் நிற்பதற்கு நான்கு காரணம் பார்க்கலாம்.

முதலாவது, இன்னொரு பழுது. ஹெல்த் விளக்கு ஒன்றுதான், பழுது இரண்டு இருக்கலாம். அடிக்கடி தவறவிடுவது போர்டிலுள்ள காசு பேட்டரி, சிஆர்2032. அது தீர்ந்தாலும் ஆம்பர் சிமிட்டும், லாக்கில் பிஏடி0002 என்று வரும்.

இரண்டாவது, மூடி. சேசிஸ் திறந்திருப்பதை உணரும் சுவிட்ச் சரியாக அமுங்காவிட்டால் அதுவும் ஒரு பழுதாகவே பதிவாகும். மூடியைத் திறந்து, கொக்கி முழுதாக மடங்கும்வரை மூடுங்கள்.

மூன்றாவது, மெமரி. ஈசிசி திருத்திய பிழைகள் வரம்பைத் தாண்டியதாக லாக் சொன்னால், உடனே டிம்மை மாற்றுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்து ஒரு ரீபூட் கொடுங்கள். இந்தத் தலைமுறை டெல்லில் பயாஸ் பூட் ஆகும்போது பழுதான மெமரி வரிசைக்குப் பதிலாக டிம்முக்குள்ளேயே இருக்கும் உபரி வரிசையை நிரந்தரமாக மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகும் அதே ஸ்லாட் வந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். ஏ3 என்று லாக் சொன்னால் ஏ3-இல் இருப்பதையும் பி3-இல் இருப்பதையும் மாற்றிச் சொருகுங்கள். அடுத்த முறை பிழை பி3-இல் வந்தால் டிம் பழுது. ஏ3-லேயே நின்றால் டிம் நல்லது. ஸ்லாட்டையோ பிராசசரையோ சந்தேகப்பட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஜோடியை மாற்றினால் எது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

நான்காவது, ஐடிராக்கே தடுமாறி நிற்பது. லாக்கில் புதிதாக எதுவும் இல்லை, எல்லா சென்சாரும் சரி, விளக்கு மட்டும் நிற்கிறது என்றால் ஐடி பட்டனை 15 நொடிக்கு மேல் பிடித்து ஐடிராக்கை ரீசெட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சர்வரை அணைத்து, இரண்டு பவர் கார்டையும் உருவி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். பவர் கார்டு சொருகியதும் ஐடிராக் எழுந்து வரச் சில நிமிடம் ஆகும். அதுவரை பவர் பட்டன் கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம்.

எதைச் செய்தாலும் அதற்கு முன் லாக்கை எடுத்து வைத்துவிடுங்கள். டெல்லில் சப்போர்ட்அசிஸ்ட் தொகுப்பு, எச்பிஈயில் ஏஎச்எஸ் லாக், சூப்பர்மைக்ரோவில் ஐபிஎம்ஐடூல் மூலம் எஸ்இஎல் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) பட்டியல். விளக்கை அணைக்க வேண்டும் என்று எஸ்இஎல்லை முதலில் அழித்துவிட்டால் வாரன்டியில் டிம் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நேரத்தைப் படிக்கும்போதும் கவனம். சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்தால் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். இல்லையென்றால் இரவு 2 மணிக்கு விழுந்த பிரேக்கரையும் லாக்கில் 20.30-க்குப் போன பிஎஸ்யூ இன்புட்டையும் இரண்டு வேறு சம்பவமாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சர்வர் ஆன் ஆகவே இல்லை, பிஎஸ்யூ பச்சை, முன்னால் எதுவும் உதவவில்லை என்றால் குறைந்தபட்சக் கட்டுக்கு இறக்க வேண்டும்: ஒரு பிஎஸ்யூ, முதல் சாக்கெட்டில் பிராசசர், ஏ1-இல் ஒரு டிம். ரைசர், கார்டு, டிரைவ் எல்லாம் வெளியே. அது எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். இது உங்கள் ஆள் செய்யும் வேலை இல்லை, நீங்கள் நேரில் போக வேண்டியது.


ரேக்42

தாளை எழுதிவிட்டேன். எச்பிஈ டிரைவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "வெள்ளை எரிந்தால் தொடாதே. வெள்ளை இல்லாததை எடுக்கலாம்." சரியா?


பிட்பைட்

இரண்டாவது வரியை அடித்துவிடுங்கள். வெள்ளை இல்லை என்றால் அதை எடுத்தால் லாஜிக்கல் டிரைவ் விழாது என்றுதான் பொருள். அதுதான் பழுதான டிரைவ் என்று பொருள் இல்லை. ரெய்டு 6-இல் ஒரு டிரைவ் போனாலும் இன்னொன்று போகும்வரை தாங்கும், அதனால் நல்ல டிரைவுகளிலும் வெள்ளை எரியாது. "வெள்ளை எரிந்தால் தொடாதே. ஆம்பர் நின்று எரியும் டிரைவின் சீரியல் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, பதில் வந்த பிறகு எடு" என்று எழுதுங்கள். உங்கள் போன் எண்ணை அதற்கு நேர் கீழேயே போடுங்கள்.